படத்தின் ஓரத்தில் இருக்கும் வெள்ளைக் கை

முதலில் நான் செய்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன். கடி வாங்கின கதையைப் பிறகு சொல்கிறேன். கடியை முன்னால் சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டு மீதியைப் படிக்காமல் போய்விடுவீர்கள். எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு கைலி, ஒரு சட்டையோடு நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்து, கான்ட்ராக்ட்காரரிடம் இரும்பு வடம் சுமக்கிற ஆளாகச் சேர்ந்தேன். சுமந்துகொண்டே பார்த்துப் பார்த்து ரிகர் ஆனேன். ரிகர் என்றால் வேறொன்றுமில்லை, யானைக் கனம் உள்ள இரும்பை எந்த இடத்தில் கட்டினால் நேராக ஏறும், எந்த இடத்தில் கட்டினால் நம் தலையில் இறங்கும் என்று தெரிந்தவன். பிறகு பர்மனென்ட் ஆனேன். மேஸ்திரி ஆனேன். எவனும் வேலைக்கு வைத்துக்கொள்ளாத பதினெட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து ஒரு கேங் கட்டினேன். நாலு பேர் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டு, தூக்க முடியாது என்று எழுதிவிட்டுப் போன மோட்டாரை ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் தூக்கி வைத்தேன். எங்கள் பிளாக் பள்ளிக்கூடத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு மணி நான் மாட்டியது. தெருமுனை அம்மன் கோயில் கலசம், கனம் தூக்குகிற என் செயின் பிளாக் சங்கிலியில்தான் மேலே போனது. குருக்கள் மந்திரம் சொன்னார், கலசம் என் பேச்சைக் கேட்டது. மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி வீடு, நானே நின்று கட்டியது. மாடிப்படியில் ஒன்றே ஒன்று மட்டும் உயரம் கூடிவிட்டது. அந்தப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் என் மனைவி என்னைப் பற்றி ஏதோ முணுமுணுப்பாள். மற்ற பதினாறு படிகளைப் பற்றி ஒரு நாளும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

இத்தனையும் செய்தவனை ஊர் எதைச் சொல்லி அடையாளம் காட்டுகிறது? "அவரா? ஜெர்மனிக்குப் போய் கருவாட்டுக்குக் கடி வாங்கினவருங்க."

சரி, வந்தாயிற்று. சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத எந்திரம் உண்டு. அதன் மூக்கில் ஒரு சக்கரம், மூன்று மாடி உயரம், சுற்றிலும் வாளி வாளியாக இருக்கும். அந்தச் சக்கரத்தை முழுதாகக் கழற்றி வேறு சக்கரம் மாட்ட வேண்டிய காலம் வந்தது. அதற்கு முன் இங்கே யாரும் செய்ததில்லை. எந்திரம் செய்த நாட்டில் அதே மாதிரி ஒரு சக்கரத்தைத் தூக்கப் போகிறார்கள், வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கடுதாசி வந்தது. இரண்டு பேருக்கு இடம். ஒருவர் எங்கள் இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சுத்த சைவம். இரண்டாவது ஆளும் இன்ஜினியராகத்தான் இருக்க வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். அதற்கு எங்கள் இன்ஜினியர் சொன்னாராம்: "படிச்சவன் ரெண்டு பேரு போயி ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டு வரவா? தூக்கப் போறது மேஸ்திரி. அவரு வரட்டும்."

இதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டவன். பின்னால் நான் அவரைக் கிண்டல் செய்யும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை இருந்தது. அங்கே சக்கரம் தூக்கும்போது கிரேனுக்கு நான் சிக்னல் கொடுக்க வேண்டும். அந்த ஊர் ஃபோர்மேன் பார்த்து, இவருக்கு வேலை தெரியும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தாள் இருந்தால் இங்கே அந்த வேலை என் கேங்குக்கு. இல்லையென்றால் வெளியூர் கம்பெனி ஒன்று தன் ஆட்களோடு வந்து தூக்கிவிட்டுப் போகும். நானும் என் பதினெட்டுப் பேரும் வேலி ஓரம் நின்று வேடிக்கை பார்க்கலாம். வழியனுப்ப வந்த கேங்கில் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, தாளு இல்லாம வந்துடாத. வந்தாலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் எறங்காத" என்றான். அவ்வளவு பாசம்.

என் மனைவி பெட்டி கட்டினாள். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், என் சுண்ணாம்பு டப்பா. வெற்றிலை ஒரு கவுளி. அது மூன்றாம் நாளே தீர்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், நாலு சுற்று பேப்பரில், கடலூர் வாளைக் கருவாடு.

"அங்க இன்னா கெடைக்குமோ, ஏது கெடைக்குமோ. வாய்க்கு ருசியில்லாம எளைச்சிகினு வந்து நிக்காதீங்க" என்றாள்.

போன ஊரில் ஒரு வயதான அம்மாள் வீட்டில் எங்களுக்கு ஆளுக்கொரு அறை. வசந்த காலம் என்றார்கள். எனக்கு அது இரண்டு மார்கழியை ஒன்றாகக் கட்டித் தூக்கின மாதிரி இருந்தது. முதல் நாள் பெட்டியைத் திறந்ததும் இன்ஜினியர் மூக்கைப் பொத்திக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

"மேஸ்திரி, என்னவே அது?"

"சாப்பாட்டுச் சாமான் சார்."

"செத்துப் போன சாமானா? இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்."

அவரை வெளியே அனுப்ப முடியாது. அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். எனவே கருவாடு மேலே போனது. அந்த ஊர் வீடுகளில் ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒரு பரண் மாதிரி அறை இருக்கும். ஏணி வைத்து ஏற வேண்டும். கருவாட்டை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் அங்கே ஒரு ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வீட்டுக்கார அம்மாளின் அடுப்பில், எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு ஒரு துண்டு சுட்டுக்கொள்வேன். அந்த அம்மாள் அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்குப் போய்விடுவார். நல்ல மனுஷி.

அந்த அம்மாள் இன்ஜினியரிடம் அரைகுறை இங்கிலீஷில் ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தார். கூரையில் ஏதோ ஓடுகிறது, குளிருக்கு அடைத்த பஞ்சையெல்லாம் கிழித்துப் போடுகிறது என்று. நான் காது கொடுக்கவில்லை. இரும்பு சம்பந்தப்படாத குறை எனக்கு ஏறாது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அம்மாள் சர்ச்சுக்குப் போயிருந்தார். இன்ஜினியர் குளித்துக்கொண்டிருந்தார். நான் பரணில் ஏறினேன். ஆணியில் பை இல்லை. மூலையில், பிரிந்த பேப்பருக்கு நடுவே, ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் என் கருவாடு.

முகத்தைப் பார்த்தேன்: கீரி. எங்கள் முந்திரித் தோப்பில் தினம் குறுக்கே ஓடுகிற அதே முகம். வால் மட்டும் கொஞ்சம் புசுபுசுவென்று இருந்தது. கழுத்தில் கட்சிக்காரர் துண்டு போட்ட மாதிரி வெள்ளையாக ஒரு பட்டை. குளிர் தேசத்துக் கீரி, கொஞ்சம் சட்டை போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது வேறு ஜாதிப் பிராணி, மரத்திலும் கூரையிலும் வாழ்கிற காட்டு மிருகம் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். படித்தவனாக இருந்தால், இது என்ன மிருகம் என்று யோசித்திருப்பான். நான் முத்தாண்டிக்குப்பத்துக்காரன். கீரியைக் கண்டால் நல்ல சகுனம் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், அதுதான் தப்பு. எங்கள் பக்கம் கீரி வளர்க்கிறவர்கள் பிடரியில் பிடித்துத் தூக்குவார்கள். நானும் இரண்டு முறை தூக்கியிருக்கிறேன்.

"வுடு" என்றேன். விடவில்லை. பிடரியில் கை வைத்தேன்.

இந்தப் பிராணிக்குக் கழுத்து முழுச்சுற்றும் திரும்பும் என்பது எனக்குத் தெரியாது. கருவாட்டை விட்டது, என் வலது கையைப் பிடித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், சிக்னல் கொடுக்கிற கையில், வடம் மாட்டுகிற ஷாக்கிள் வளையத்தில் ஆணி ஏறினாற்போல் பல் இறங்கியது. நான் உதறினேன். அது என் கையை விட்டது, கருவாட்டை மறுபடி எடுத்துக்கொண்டது, ஓட்டு இடுக்கில் போய்விட்டது. அவசரமே இல்லாமல் போனது.

கீழே வந்து கையைக் கழுவினேன். நம் வைத்தியம் இருக்கும்போது என்ன பயம்? மஞ்சள் தூளையும் சுண்ணாம்பையும் குழைத்து, மணிக்கட்டு வரை தாராளமாக அப்பினேன். அது இரண்டும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்குத் தெரியாது. சர்ச்சிலிருந்து வந்து சமையலறைக் கதவைத் திறந்தவர், செக்கச் சிவந்து சொட்டுகிற கையோடு ஒருவன் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். போட்ட சத்தத்தில் இன்ஜினியர் துண்டோடு ஓடிவந்தார்.

"ஏ மேஸ்திரி! கை இருக்கா, போயிட்டா?"

"இருக்கு சார். மஞ்சளும் சுண்ணாம்பும்."

"ஆரத்தி எடுக்கப் போறீரா?"

டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் என் வைத்தியத்தைக் கழுவி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. கழுவக் கழுவ மஞ்சள் வந்தது. அவர் என் கண்ணை இழுத்துப் பார்த்தார், காமாலையோ என்று. பிறகு அந்தப் பிராணிக்கு வெறி நோய் இருந்தாலும் இருக்கும், ஊசி போட வேண்டும் என்றார். இன்ஜினியர் தமிழில் சொன்னதும் நான் சட்டையையும் பனியனையும் மார்பு வரை தூக்கிக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டேன். எங்கள் டவுன்ஷிப்பில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார், இன்ஜினியரைப் பார்த்தார்.

"வயித்த மூடும்வே. இங்க தோள்ல போடுதாங்க."

"பதினாலும் தோள்லயா சார்?"

"பதினாலு இல்ல. எந்திரிச்சு உக்காரும், மானத்த வாங்காதேயும்."

எப்படிக் கடித்தது என்று டாக்டர் கேட்டார். நான் சொன்னேன்: "வீட்டுக்கார அம்மா கூரையில ஏதோ ஓடுதுன்னு கஷ்டப்பட்டாங்க, பிடிச்சுக் குடுக்கலாம்னு போனேன்னு சொல்லுங்க சார்."

இன்ஜினியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கருவாட்டுக்கு இங்கிலீஷ் இப்ப வாயில வரமாட்டேங்குது. நீரு பொழைச்சீரு" என்று சொல்லி, நான் சொன்னதையே சொன்னார். அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டார். அன்று முதல் எனக்குத் தினம் கேக் வந்தது. இன்ஜினியருக்குக் கிடையாது.

ஆனால் டாக்டர் கட்டின கட்டு! முழங்கையில் ஆரம்பித்து விரல் நுனி வரை, வெள்ளை வெளேரென்று, ஒரு பூசணிக்காய் அளவு. ஒரு வாரம் வேலை கூடாது என்றார். சக்கரம் தூக்குவது புதன்கிழமை.

திரும்பி வரும்போது இன்ஜினியர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேஸ்திரி, வேணும்னா சிக்னல நான் குடுத்துக்கிடுதேன். நீரு பக்கத்துல நின்னு சொல்லும்."

அவர் கெட்டிக்காரர், ஆனால் அவர் கையை ஆட்டினால் கிரேன்காரர் யாரோ டாட்டா காட்டுகிறார்கள் என்று திருப்பிக் காட்டுவார். அதைவிட, சிக்னல் அவர் கொடுத்தால் தாளில் என்ன எழுதுவார்கள்? பதினெட்டுப் பேர் முகமும் வரிசையாக வந்து போனது. பஸ் ஸ்டாண்டும் வந்து போனது. "நாளைக்குப் பார்க்கலாம் சார்" என்றேன்.

திங்கட்கிழமை யார்டுக்குப் போனோம். ஃபோர்மேன் என் கையைப் பார்த்தார், தலையை இடமும் வலமும் ஆட்டினார். அதற்குப் பாஷை வேண்டாம். நான் விடவில்லை. ஒரு தடவை சும்மா கொக்கியை ஏற்றி இறக்கிக் காட்டுகிறேன் என்று கெஞ்சி, பெரிய கிரேன் முன்னால் போய் நின்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால், ஏற்று. கீழே நீட்டிச் சுற்றினால், இறக்கு. கையை மூடி முஷ்டியாக உயர்த்தினால், நிறுத்து. முந்தின வாரமே அந்தக் கிரேன்காரரும் நானும் இதையெல்லாம் பேசி, அதாவது பேசாமல், ஒத்துக்கொண்டிருந்தோம். இப்போது நான் கட்டுக்குள்ளே விரலை நீட்டி ஏற்று என்று காட்டினேன். கொக்கி அசையவில்லை. இறக்கு என்றேன். அசையவில்லை. மேலே கண்ணாடிக்குள் அவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். என் கை என்ன சொன்னாலும் வெளியே தெரிவது ஒரு பெரிய முஷ்டி. நிறுத்து, நிறுத்து, நிறுத்து.

ஃபோர்மேன் திரும்பி நடக்க ஆரம்பித்தார். இன்ஜினியர், "வாரும்வே, போதும்" என்று என் தோளைத் தொட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்து என்று மட்டும் சொல்லத் தெரிந்த கை. அதை அதற்கே வைத்துக்கொண்டால் என்ன? வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். இடது கையால் விரலைச் சுற்றினேன். கொக்கி ஏறியது. வெள்ளைக் கையைத் தூக்கினேன். டக்கென்று நின்றது. மறைத்தேன், இடது கையால் இறக்கினேன். தூக்கினேன், நின்றது. கிரேன்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி, ஃபோர்மேனிடம் ஏதோ கத்தினார். இன்ஜினியர் கேட்டுச் சொன்னார்: "மேல இருந்து பாக்கையில மத்தவன் கையெல்லாம் கண்ணுக்கே தெரியலையாம். இது நிலா மாதிரி தெரியுதாம்."

ஃபோர்மேன் திரும்பி வந்து ஏழெட்டுத் தடவை செய்யச் சொன்னார். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். கையால் எதையும் தொடக்கூடாது, தூக்கி மட்டும் காட்டலாம் என்று பதில் வந்தது. பிறகு சரி என்றார்.

புதன்கிழமை இரண்டு கிரேன், நடுவில் சக்கரம். ஒரு ஆள் போட்டோ எடுக்க வந்திருந்தார். இன்ஜினியர் புது ஹெல்மெட் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே, நல்ல வெளிச்சத்தில் போய் நின்றார். நான் இடது கை விரலைச் சுற்றினேன். சக்கரம் தரையை விட்டது. ஒரு ஆள் உயரம் போயிருக்கும். அந்தப் பக்கத்து வடத்துக்கும் இரும்பு விளிம்புக்கும் நடுவில் கொடுத்திருந்த மரக்கட்டை, மெதுவாக, பல் விழுகிற மாதிரி, வெளியே நழுவியது. கட்டை போனால் வடம் விளிம்பில் உட்காரும், விளிம்பு வடத்தை அறுக்கும். வெள்ளைக் கை மேலே போனது. இரண்டு கிரேனும் ஒரே மூச்சில் நின்றன.

ஃபோர்மேனும் விசில் ஊதினார், இல்லையென்று சொல்லவில்லை. என் கை போன பிறகு ஊதினார்.

இறக்கி, கட்டையை மாற்றி, மறுபடி தூக்கி, சாயங்காலத்துக்குள் சக்கரம் தன் இடத்தில் உட்கார்ந்தது. தாள் கிடைத்தது. கிரேன்காரர் இறங்கி வந்து என் கட்டின் மேல் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்கு வந்தேன், பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கினேன். கேங் மாலை போட்டது. அந்த மாலை வாடுவதற்குள் இன்ஜினியருக்குக் கருவாட்டுக்கு இங்கிலீஷ், தமிழ் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கிளப்பில் நாலு பேரிடம் சொன்னார். மறுநாள் தண்ணீர்க் குழாயடி வரை வந்துவிட்டது. ஷிப்டுக்குப் போகிற பஸ்ஸில், "அண்ணே, கையில இன்னா வாசன?" என்றார்கள். என் மனைவி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "கருவாட்ட கட்டிக் குடுத்தது யாரு? நான். அது இல்லன்னா கடி ஏது, கட்டு ஏது? அப்ப அந்தப் பேருல பாதி எனுக்குதானே?"

இங்கே எங்கள் சக்கரத்தை என் கேங்தான் தூக்கியது. கை ஆறிவிட்டது, ஆனாலும் அன்று என் வலது கையில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டேன். நிறுத்து என்பதற்கு மட்டும் வெள்ளைக் கை. அது எங்கள் கேங்கின் வழக்கமாயிற்று. பிறகு துணி போய் வெள்ளைக் கையுறை வந்தது. எண்பதுகளில் மற்ற கேங்குகளும் வலது கைக்கு மட்டும் வெள்ளை போட ஆரம்பித்தார்கள். எதற்கு என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. ஒருத்தன் என்னிடமே சொன்னான், அது ஜெர்மன்காரன் கண்டுபிடித்ததாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புதன்கிழமை எடுத்த போட்டோ எங்கள் டிரெய்னிங் ஹாலில் பல வருஷமாகத் தொங்குகிறது. நடுவில் சக்கரம். பக்கத்தில் ஹெல்மெட்டோடு இன்ஜினியர், அண்ணாந்து பார்த்துக்கொண்டு, தானே ஊதித் தூக்கின மாதிரி. பிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டினார்களாம். வெட்டினதில் நான் போய்விட்டேன். கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதை வெள்ளைக் கொடி என்கிறார்கள், பல்பு என்கிறார்கள். கீழே 'இன்ஜினியர் மேற்பார்வையில்' என்று பித்தளைத் தகடு. அவரே ரிட்டயர் ஆகும் நாளில் அதைப் பார்த்துவிட்டு, "இது நியாயமில்லவே மேஸ்திரி, எழுதிக் கேளும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எனவே டிரெய்னிங் ஹாலைப் பார்த்துக்கொள்கிற உங்களிடம் எழுதிக் கேட்கிறேன். மேற்பார்வை அவருடையதாகவே இருக்கட்டும், அவர் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தகட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன். 'ஓரத்தில் இருக்கும் வெள்ளைக் கை: ரிகிங் மேஸ்திரி. சக்கரத்தை நிறுத்தியது இந்தக் கை' என்று அதில் பொறிக்க வேண்டும். கருவாட்டைப் பற்றி எழுத வேண்டாம். என் மனைவி வந்து தன் பாதியைக் கேட்டால் மட்டும், தகட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளட்டும்.